நட்சத்திரம் வரைந்த பாட்டில்

கல்லறைத் திருநாளன்று, காசிமேட்டில் மாமனார் கல்லறைமேல் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஒரு சபதம் செய்தேன். கிறிஸ்துமஸ் வரை குடிக்க மாட்டேன். 'செய்தேன்' என்பது மரியாதைக்கு. செய்ய வைத்தவள் என் மனைவி ஃப்ளோரன்ஸ். உயிரோடு இருந்தவரை மாமனார் என் பேச்சை நம்பியதில்லை. அன்றும் மெழுகுவத்தி அணைந்து அணைந்து போயிற்று.

சிக்கல் என்னவென்றால், அதற்கு முந்தின நாள்தான் ஒரு ஃபுல் ரம் வாங்கியிருந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி. பீர் ஆகாது, உடம்பையும் பார்க்க வேண்டுமே. அதில் ஒரு மூடி மட்டும் ருசி பார்த்திருந்தேன். மீதியைக் கிறிஸ்துமஸ் வரை காப்பாற்ற வேண்டும். எங்கே? அரிசி டின், வாஷிங் மெஷின், மாதா சொரூபத்தின் பின்புறம் எல்லாம் ஏற்கெனவே பிடிபட்ட இடங்கள்.

நான் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் உட்கார்ந்தால் யோசனை வரும். வீட்டில் ஒரு பாட்டில் இருந்தால் குற்றம். ஒரு மூட்டை இருந்தால் கைத்தொழில்! காயலாங்கடை ரஷீது பாயிடம் மூட்டையாகக் காலி பாட்டில் வாங்கி வந்தேன்.

"இன்னாய்யா இது, வூடா காயலாங்கடையா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"கலைம்மே. பாட்டில அறுத்து கிறிஸ்துமஸ் வெளக்கு செய்யப் போறேன். போன்ல பாத்தேன்."

"குடிக்காத இருன்னா, மோந்துகினு இருக்கப் போறியா?"

"எல்லாம் கழுவுனது."

"கால்ல கண்ணாடி குத்திச்சி, அப்பால உன் கழுத்த அறுப்பேன்."

நெயில் பாலிஷ் அழிக்கும் தண்ணியில் நூலை நனைத்து, பாட்டிலில் சுற்றிக் கொளுத்தி, எரிந்து முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் முக்கினால் பாட்டில் இரண்டாகும். போனில் அப்படித்தான் காட்டினார்கள். என்னுடைய முதல் பாட்டில் மூன்றானது. அடுத்தது எத்தனை ஆனதென்று பொறுக்கியவளுக்குத்தான் தெரியும். என் விரலெல்லாம் பிளாஸ்திரி.

இதற்கு நடுவே ரம் பாட்டிலுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, ஒரு வெள்ளை நட்சத்திரமும் வரைந்து, அலமாரி ஓரத்தில் நிறுத்தினேன். தினமும் தூக்கிப் பார்ப்பேன். கனம் அப்படியே இருந்தது.

"அந்த ஸ்டாரு பாட்டில எப்போ அறுப்ப?"

"தொடாதே. பெயிண்ட் காயல."

"ஒரு மாசமாவா?"

"கடல் காத்தும்மே. ஈரம்."

தலையாட்டிவிட்டுப் போனாள். இவ்வளவு வெகுளியான மனைவியைக் கொடுத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருக்காரர்கள் கூடி ஜெபம் செய்வது வழக்கம். ஜெபம் முடிந்ததும் ஃப்ளோரன்ஸ் எழுந்தாள்.

"எங்கூட்டுக்காரு குடிய வுட்டுட்டு பாட்டில வெளக்கா மாத்திகினு கீறாரு. இப்போ ஒண்ணு அறுத்துக் காட்டுவாரு."

அவள் கை நேராக நட்சத்திரத்துக்குப் போயிற்று. ஆட்டிப் பார்த்தாள்.

"உள்ள இன்னாமோ தண்ணி கீது. கொட்டிட்டு அறுய்யா."

எதிர்வீட்டு மகிமா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றார். கூட்டமே என்னைப் பார்த்தது. கொட்டினால் ரம் போச்சு. கொட்டாவிட்டால் மானம் போச்சு.

குழாயடியில் சாய்த்தேன். பழுப்பாக ஓடியது. குடிக்காமலே நெஞ்சு எரிந்தது அன்றைக்குத்தான். பிறகுதான் உறைத்தது, ரம் வாசனையே இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடுங்காப்பி!

அடுத்து நூல் சுற்றினேன், கொளுத்தினேன், முக்கினேன். என் வாழ்நாளிலேயே கோணாமல் அறுந்தது அந்த ஒன்றுதான். எல்லாரும் கைதட்டிவிட்டு கேக் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"அசலு எங்கம்மே?"

"பெயிண்ட் அட்ச்ச அன்னிக்கே எட்த்துட்டேன். கேக்குக்குத் தெராட்ச ஊறவெக்க ரம்மு கேட்டு வருசா வருசம் எங்கண்ணன் கையில கெஞ்சணும். இந்த வாட்டி வூட்லயே கெட்ச்சிது. வாராவாரம் காப்பி மாத்துனதுதான் பேஜாரு."

வெளியே மகிமா அக்கா, "இன்னா மணம், இன்னா மணம்!" என்று இன்னொரு துண்டு கேட்டார்.

"எனுக்கும் ஒரு துண்டு குடும்மே," என்றேன்.

"உனுக்குத்தான் சக்கர கீதேய்யா. அதான் காப்பிலகூட சக்கர போடல."