பச்சைக் கதவு வீட்டுக்கு வந்த பெருமை

பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதில் மதுரையை மிஞ்ச உலகத்தில் ஊர் கிடையாது. மற்ற ஊர்களில் இருக்கிற பாரம்பரியத்தைத்தான் காப்பாற்றுவார்கள். இங்கே இல்லாததையும் காப்பாற்றுவார்கள். செல்லூர் தேவிகாவுக்கு இந்தப் பேருண்மை விளங்கியபோது, அவள் வீட்டுக் கூரையில் பதினேழு ஓடுகள் உடைந்திருந்தன.

மழைக்காலத்துக்குள் ஓட்டைப் பிரித்துத் தளம் போட ஏற்பாடு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன கொத்தனார் வரவில்லை. பஸ் வந்தது.

பஸ்ஸில் 'வேர்களைத் தேடி ஒருநாள் உலா' என்று பேனர். இறங்கியவர்கள் நாற்பது பேர். சமணர் மலையின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றைப் பன்னிரண்டு நிமிஷத்திலும், பரோட்டாவை ஒன்றேகால் மணி நேரத்திலும் தரிசித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துவந்த தொன்மைக் காப்புச் சங்கத்தின் செயலாளர் வெங்கடேஷ்பாபு, தேவிகாவின் பச்சைக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுத்தாளர் மலையாண்டியின் இளம்பருவ இல்லம் இதுதான் என்று அறிவித்தார். ஆதாரம், அவருடைய நாவலில் நாயகன் பிறக்கும் வீட்டுக்குக் கதவு பச்சை.

போன தீபாவளிக்குத்தான் பச்சை அடித்ததாகத் தேவிகா சொன்னாள். 'தன்னையறியாத மரபுத் தொடர்ச்சி' என்று செயலாளர் குறித்துக்கொண்டார். அவள் சௌராஷ்டிரத்தில் ஒரு வார்த்தை முணுமுணுத்தாள். செயலாளருக்கும் அதுதான் வீட்டு மொழி. அதை மட்டும் அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நினைவில்லமாக அறிவிக்கக் கோரும் சங்கத்தின் மனு பரிசீலனையில் இருப்பதால், மேற்படி இல்லத்தின் ஓட்டையும் தொடக்கூடாது, ஓட்டையையும் தொடக்கூடாது.

மழை சட்டத்தை மதித்து, ஓட்டைகள் வழியாகவே வந்தது. தேவிகா ஏழு இடத்தில் பாத்திரம் வைத்தாள். அடுத்த உலாவில் வந்தவர்கள் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டார்கள். ஒரு பெரிய மனிதரை உருவாக்கிய ஓசை அது என்று செயலாளர் விளக்கி, அண்டாவை நகர்த்த வேண்டாம் என்று அவளிடம் பணிவுடன் கேட்டுக்கொண்டார்.

பொறுக்கமாட்டாமல் தேவிகா, மலையாண்டி இப்போது குடியிருக்கும் திருநகருக்கே போய் அவரைப் பார்த்தாள். நேர்மையான மனிதர். தாம் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம் என்றும், அந்த வீடு எப்போதோ நாற்கரச் சாலைக்கு அடியில் போய்விட்டது என்றும், செல்லூரில் ஒரு ராத்திரி தங்கியதுகூட இல்லை என்றும் சொன்னார். அவர் கதவைத் தட்டி ஒரு வாசகர் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாமே வந்து உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

சொன்னபடி வந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது, கைக்கு மைக் வந்தது.

"இந்தக் கதவு..." என்றார். அடுத்த நிமிஷம், தாம் எழுத்துக் கற்ற மூலை அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டாவது பொன்னாடை விழுந்ததும், கொல்லைக் கிணறும் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் கொல்லையே கிடையாது.

தேவிகா உள்ளே போய், நாலு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு சாவியோடு வந்தாள்.

"ஐயா, பொறந்த வீட்டுல நீங்க இருக்கிறதுதான் மொறை. இந்தாங்க சாவி. நான் திருநகர் போறேன். உங்க வீட்டுச் சாவியக் குடுங்க."

கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது. மலையாண்டி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. உடனே மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், உசிலம்பட்டியில் பிறந்ததைத் தேதி, கிழமையோடு ஒப்புவித்தார்.

தேவிகா சாவியைச் செயலாளரிடம் நீட்டினாள். தமக்கு வீசிங் இருப்பதாகச் சொல்லி அவர் பின்வாங்கினார். பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினாள். அவருக்குக் குளிர்ந்த தரை ஆகாது. மூன்றாமவரிடம் நீட்டுவதற்குள் எல்லோரும் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள்.

அவள் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். மனுவை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தால்தான் நகருவேன் என்றாள். செயலாளர் முழங்காலில் காகிதத்தை வைத்து, அழகான கையெழுத்தில் எழுதினார். காரணம் என்ன போடுவது என்று தயங்கி, ஜன்னல் வழியாக அவளையே கேட்டார்.

"உள்ளதப் போடுங்க சார். வீட்டைக் கும்பிட நாப்பது பேரு இருக்கோம், நனைய ஆள் கிடைக்கலன்னு."