பொழுது படுமுன் படுவான்கரைக்கு

புனித அந்தோனியார் துணை (வழக்கத்துக்காக எழுதவில்லை, இம்முறை உண்மையிலேயே வேண்டும்)

படுவான்கரை,
19 ஓகஸ்ட் 2009, புதன்

அன்பும் வணக்கமும் நிறைந்த மருமகன் ஜெரோம் சுவாமிக்கு,

மாமன் எஸ்தாக்கி எழுதிக்கொள்வது. நானும் மாமியும் நலம். அவ எழுவான்கரையில் நலம், நான் படுவான்கரையில் நலம், நடுவில் வாவி. உங்களைத் தொட்டிலில் ஆட்டிய கையால் "சுவாமி" என்று எழுத இன்னும் பழகவில்லை, பிழையிருந்தால் பொறுத்தருள்க. இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் உங்கள் பிரசங்கத்தால் வந்தது.

போன ஞாயிறு எங்கள் கோவிலுக்கு விருந்தாளியாக வந்து பூசை வைத்த நீங்கள், வேதாகமம் அலமாரியில் வைத்துத் தூசி தட்டும் புத்தகம் அல்ல, அடுப்படியிலும் கிணற்றடியிலும் நடக்க வேண்டிய சங்கதி என்று சொல்லிவிட்டுத் திருகோணமலைக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். நல்ல பிரசங்கம், ஆனால் முன்வரிசைக்காரருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். மாமி அப்படி நினைக்கவில்லை. இரண்டு உடுப்பு உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற பாடத்தைத் திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கிவிட்டா. தன்னுடைய உடுப்பில் அல்ல, என்னுடையதில். தபால் கந்தோரில் ஓய்வுபெற்ற அன்று எனக்குத் தந்த நீலச் சேட்டு, முகாமிலிருந்து திரும்பிய யாரோ ஒரு மனிதரின் முதுகில் தெருவால் போவதைக் கண்ணால் கண்டேன். கத்தினேன். பொழுது படுவதற்குள் கோபத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்ன மற்றப் பாடம் பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது. ஐந்தரை மணிக்கு மாமியிடம் சமாதானமாகப் போனேன். அவ மீன் கழுவிக்கொண்டிருந்தா.

"என்னோட பிடிச்ச கோவம் ஒரு பகலோட போயிற்று. வாவிக்கு அங்கால நாலரை வருஷமா ஒரு கோவம் கிடக்கே, அதுக்கு மேல எத்தின பொழுது பட்டிருக்கும்? எண்ணிப் பாத்தீங்களா?" என்றா.

தங்கராசாவைத்தான் சொன்னா. கடல் வந்து வீட்டை அடித்துக்கொண்டு போன அன்று, தோணியோடு எங்களைத் தேடி வந்து, படுவான்கரையில் தன் வீட்டில் மூன்று மாதம் வைத்துச் சோறு போட்ட தங்கராசா. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், அவர்களுடைய எருமைத் தயிரை வாயில் வைத்துவிட்டு, "இண்டைக்குக் கொஞ்சம் புளிக்குது" என்று சொன்னது நான். "கடலுக்குத் தப்பின ஆளுக்கு எங்கட தயிரிலதான் கண்டம் போல" என்று சொன்னது அவர். நான் ரோஷக்காரன், மாமியையும் கூட்டிக்கொண்டு அன்றே வெளிக்கிட்டேன். பிறகு சண்டை வந்து இரண்டு கரைக்கும் போக்குவரத்து நின்றது எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. திங்கட்கிழமை பின்னேரம் மாமியிடம் இதற்கொரு நியாயமும் சொன்னேன்: பொழுது எழுவது நம்முடைய கரை, படுவது அவர்களுடைய கரை, ஆகையால் படுமுன் கோபம் தீர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. மாமி மீன் செதிலை என் பக்கமாகச் சீவினா.

நேற்று நாலு மணிப் பாதையில் ஏறினேன். (திருகோணமலைக்காரராகிவிட்ட உங்களுக்கு மறந்திருக்கும். நாங்கள் பாதை என்பது நடக்கிற பாதையை அல்ல, வாவியைக் கடக்கிற மிதவையை.) பக்கத்தில் காத்தான்குடிச் சாரம் வியாபாரி கச்சி முகம்மது மூட்டைமேல் இருந்தார். "என்ன மாஸ்டர், மையத்து வீட்டுக்குப் போறாப்போல மூஞ்ச வெச்சிரிக்கீங்க?" என்றார். பொழுது எத்தனை மணிக்குப் படும் என்று கேட்டேன். மணிக்கூட்டைப் பாராமலே, "ஆறு இருவதுக்கு மஃரிப். அதுக்கு முன்ன கரை, இன்ஷா அல்லாஹ்" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் நடு வாவியில் மெஷின் நிற்கவும் சரியாக இருந்தது.

மெஷின் நின்றதும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றது. பலகையில் தண்ணீர் மெல்லத் தட்டியது. பின்னால் ஒரு கரை, முன்னால் ஒரு கரை, இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே நீலத்தில், எது எழுவான், எது படுவான் என்று தெரியாமல் மிதந்தன. தண்ணீர் முழுக்க மஞ்சள் வெளிச்சம். கையை உள்ளே விட்டேன், இளஞ்சூடாக இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்ல மாட்டேன், ஆனால் தங்கராசாவைக் கண்டேன், 2007 பங்குனியில் கண்டது போலவே. படுவான்கரைச் சனமெல்லாம் ஷெல்லுக்கு ஓடி எங்கள் கரைக்கு வந்த மாதம் அது. பள்ளிக்கூட முகாமில், சாமான் கொடுக்கும் வரிசையில், வெறும் வாளியோடு நின்றார். நான் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு மற்றத் தெருவால் போனேன், சுவாமி. தயிர்க் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கோபம் அல்ல. எங்களிடம் அப்போது இருந்தது ஒரே அறை, அவர்கள் ஐந்து பேர், வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இதை மாமிக்குக்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பிறகு எல்லோரும் கம்பு ஊன்றித் தள்ளினோம், கச்சி முகம்மது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். கரை தட்டியபோது ஆறு மணி. ஓடினேன். அறுபத்தைந்து வயதில், ஒரு செருப்பு சேற்றில் போக, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். தங்கராசா முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். பொழுது வயலுக்குமேல் ஒரு விரல் உயரத்தில் நின்றது.

"மச்சான், மன்னிச்சிருங்க!"

"என்னத்துக்கு?"

"அந்தத் தயிருக்கு..."

"தயிருக்கா?" என்று சிரித்தார். பிறகு மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு மெய்யாத்தான் புளிச்சது. அன்னப்பூரணிக்குச் சொல்லிராதீங்க. இரிங்க, சோறு தின்னுவம்."

மற்றதையும், அந்தக் குடைச் சங்கதியையும், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பொழுது பட்டுவிட்டது, அன்னப்பூரணியும் சோற்றோடு வந்துவிட்டா. ஒரே முத்திரையில் இரண்டு கடிதமும் போய்ச் சேரட்டும், கேட்ட ஒரு மன்னிப்பு இரண்டுக்கும் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி அப்படி ஒரு நித்திரை, கடல் வந்த பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை. ஆகையால் உங்கள் பாடம் சரி, வேதாகமம் சரி, மாமியும் சரி, சேட்டுப் போனதும் சரி என்று அறியத் தருகிறேன்.

மாமன் என்ற முறையில் உங்களை ஆசீர்வதிக்கிறேன். சுவாமி என்ற முறையில் நீங்கள் என்னைத் திருப்பி ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
எஸ்தாக்கி மாமா

பி.கு.: கடிதம் நன்றாக அமைந்துவிட்ட பெருமையில் அதைத் தங்கராசாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். செதில் வரைக்கும் சிரித்தார், மெஷின் வரைக்கும் சிரித்தார். நானும் வாசிப்பின் வேகத்தில் நிறுத்த மறந்துவிட்டேன். வாளி வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அது தெரியவே தெரியாது, சுவாமி. அன்று என்னைக் காணவே இல்லையாம்.

"நீங்க அங்கயா நிண்டீங்க?" என்றார். "அண்டைக்கு முழுக்க, ஒங்கட முகம் ஒண்டு தெரியாதா எண்டுதான் பாத்துக்கிட்டு நிண்டன் மச்சான்."

எழும்பி வயலுக்குப் போய்விட்டார். இப்போது மணி ஐந்து. அவர் சைவர், பொழுது படுமுன் என்ற உங்கள் பாடம் அவரைக் கட்டுமா, கட்டாதா என்று உங்களிடம் கேட்கத்தான் மறுபடி பேனையை எடுத்தேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் தபாலில் இருந்தவனுக்குத் தெரியும், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று நாளாகும். தூரத்தில் அவருடைய தலை தெரிகிறது. நான் வயலுக்குள் இறங்குகிறேன்.