ஆயிரம் மீட்டருக்கு மேலே கொடுத்த சம்மதம்

புனித கொர்பினியன் கிராமம்,
தவக்காலத்து இரண்டாம் வெள்ளி, மத்தியானம்.

என் அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய கோலமான் அண்ணா அவர்களுக்கு,

தங்கை நோட்பூர்கா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நாங்கள் ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறோம். கைகால்களுக்குச் சேதமில்லை. சேதப்பட்ட வேறு இடத்தைக் குருவானவருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுவது மரியாதை ஆகாது என்பதால், இதை நான் நின்றுகொண்டே எழுதுகிறேன் என்பதோடு விடுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வெறும் உபசாரத்துக்குக் கேட்கவில்லை. அந்த முழங்காலிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும்.

தவக்காலத்தில் உல்லாசப் பயணமா என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், இது உல்லாசம் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களை ஒரு பனிப்பலகையில் வைத்துக் கட்டி, சரிவில் தள்ளிவிட்டு, அப்புறம் கேட்கலாம். "அந்த மனுஷனுக்குக் கடுதாசி போடாதே, நேரில் பேசு" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மாப்பிள்ளையாக வரப்போகிற வாலண்டீனுடைய அப்பாவைத்தான் சொல்கிறேன். கட்டட இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து, அரசு கொடுத்த ஹோஃப்ராட் பட்டத்தோடு ஓய்வு பெற்றவர். கோயில் வரிச் சீட்டு ஒன்றுக்காகப் பங்குக் கணக்கருடன் சண்டை போட்டு, வாலண்டீன் தொட்டிலில் இருந்த காலத்திலேயே திருச்சபையை விட்டு எழுதிக் கொடுத்து வெளியேறியவர். அவர் மனைவி, புண்ணியவதி, அதற்கு முன்பே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். என் மகள், நம் கொர்டூலாவின் கல்யாணம் அவள் முதல் நற்கருணை வாங்கிய அதே பீடத்தின் முன்னால் உங்கள் கையால் நடக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆசை கிடையாது. வாலண்டீனோ, "அப்பா மனசோட சரின்னு சொன்னாத்தான் கோயில்ல கால் வைப்பேன் அத்தை, அவருக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான்" என்கிறான். தப்பான பையன் இல்லை. அதனால்தான் கோபமாக வருகிறது.

நேரில் பேச வேண்டுமென்றால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பனிப்பலகைச் சறுக்கு என்றால் உயிர். கார்னிவல் முடிந்த வாரம் கூட்டமில்லாத வாரம், அறையும் பயிற்சியும் பாதி விலை. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் சேர வேண்டும், ஐந்து பேரும் பலகை ஏற வேண்டும் என்று ஒரு நிபந்தனை. கொர்டூலா, வாலண்டீன், ஹோஃப்ராட், என் வீட்டுக்காரர் கெப்ஹார்ட். ஐந்தாவது ஆள் யாரென்று நீங்களே ஊகிக்கலாம். நான் கம்பளிப் பாவாடைக்கு மேலே கெப்ஹார்டின் புகைபோக்கி துடைக்கும் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பலகை ஏறினேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

விடுதி இருப்பது பள்ளத்தாக்கில். அங்கே ஹோஃப்ராட் ஹோஃப்ராட்தான். காலையில் ரொட்டி எடுத்துக் கொடுத்தால்கூட, "மிக்க நன்றி அம்மணி, தாங்கள் முதலில்" என்பார். கெப்ஹார்டை, அவருடைய புகைபோக்கித் தொழிலுக்கு மரியாதையாக, "மாஸ்டர் அவர்களே" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு யாரோ தன் பின்னால் நிற்கிறார்கள் என்று தோன்றுமாம். ரோப் காரில் ஏறினால் பாதி வழியில் ஒரு கம்பத்தில் பலகை தொங்குகிறது, ஆயிரம் மீட்டர் என்று. மலைக்காரர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், அல்லது சமவெளிப் பங்கிலேயே இருந்து மறந்திருப்பீர்கள். அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் பட்டமும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் பேர் சொல்லி 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். மீறினால் அவமரியாதை. கூடப் பிறந்தும், நீங்கள் குருப்பட்டம் வாங்கிய நாள் முதல் உங்களையே 'நீங்கள்' என்று கூப்பிடுகிறவள் நான். என் நாக்கு எப்படிப் புரளும்?

அவருக்குப் புரண்டது. கம்பம் தாண்டிய அடுத்த நொடி ஹோஃப்ராட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நோட்பூர்கா, உன் மூக்கு சிவந்திருக்கு" என்றார். கெப்ஹார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டார்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஃபினி என்று ஒரு பெண். நம் கொர்டூலாவை விடச் சின்னவள். பலகையில் எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கு, ஆளை நிற்க வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவாள். தடுக்கி எந்தக் காலை வைக்கிறோமோ அதுதான் முன்கால். ஹோஃப்ராட்டை அவள் தள்ளிய போது நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். கண்ணைத் திறந்தால் அவர் இடது காலை முன்னே ஊன்றிச் சமர்த்தாக நிற்கிறார். ஃபினிக்கு அவர் ஹோஃப்ராட் இல்லை, வெறும் எக்பெர்ட்தான்.

"என்ன எக்பெர்ட், முட்டிய மடக்குன்னா குந்தி உக்காந்துக்கற? கக்கூஸா இது? எந்திரி!"

"எந்திரிச்சிட்டேன் ஃபினி."

"பொடதிய நிமித்து. அட, கீழ என்னத்தத் தொலைச்ச? பனியத்தான் தினம் பாக்கறியே, எதிர்ல பாரு!"

"பாக்கறேன் ஃபினி."

ஒரு இலாகாவையே நடுங்க வைத்த மனிதர் அண்ணா. பள்ளிக்கூடப் பையன் மாதிரி விழுந்தார், எழுந்தார், திட்டு வாங்கினார், மறுபடி விழுந்தார். மலைக் குடிசையில் சூப்பு விலை கேட்டுவிட்டு நாங்கள் கொண்டுபோன ரொட்டியை வெளியே மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் நின்று சாப்பிட்டோம் (உள்ளே சொந்தச் சாப்பாடு கூடாது). அவரும் பின்னாலேயே வந்து, "எனக்கும் ஒரு துண்டு குடு நோட்பூர்கா. வெண்ணெய் இருக்கற பக்கமா" என்றார். இவரிடமா நாம் பயந்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கேட்டால் இங்கேதான் கேட்க வேண்டும் என்று அப்போதே மனதில் முடிவு கட்டினேன்.

இடமும் ஆண்டவரே காட்டினார். பாதி விலைச் சீட்டுக்கு நாற்காலி லிஃப்ட் கிடையாது, பழைய நங்கூர லிஃப்ட்தான். மேலே ஓடும் கம்பியிலிருந்து கப்பல் நங்கூரம் போல ஒரு தடி தொங்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் தொடையைக் கொடுத்து நிற்க வேண்டும். அது நம்மைச் சரிவில் மேலே இழுத்துக்கொண்டு போகும். பனிச்சறுக்குக் கட்டை போட்டவர்கள் நேராக நிற்கிறார்கள். பலகைக்காரர்கள் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். இடது கால்காரர்கள் இரண்டு பேர் ஏறினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி போகலாம். என்னைத் தள்ளியபோது நான் வைத்தது வலது கால். ஆகவே ஹோஃப்ராட்டும் நானும் ஒரே தடியில், மூக்குக்கு மூக்கு, பாவசங்கீர்த்தனக் கூண்டில் நடுவே உள்ள சல்லடையை எடுத்துவிட்டது போல நின்றோம். ஜெபமாலையில் ஒரு துக்க தேவ இரகசியம் சொல்லி முடிக்கிற தூரம். நான் ஜெபம் சொல்லவில்லை. கேட்டேன்.

"எக்பெர்ட்," என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தேன். "நீ... பிள்ளைங்க கோயில்ல கல்யாணம் பண்ணிக்கட்டும்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

அவர் பார்வையைத் திருப்பப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது, என் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னார்:

"அவ போனதுக்கப்புறம் என் பேரச் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல, தெரியுமா? பையன் அப்பாங்கறான். மத்தவங்களுக்கு ஹோஃப்ராட். கடைக்காரன்கூட ஹோஃப்ராட்தான். எனக்கே சில நேரம் மறந்துபோகுது." தடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "நடக்கட்டும் நோட்பூர்கா. கோயில்லயே நடக்கட்டும்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் துவண்டது. துவளக் கூடாத இடம் அது. பலகை திரும்பியது, அவர் பலகைமேல் ஏறியது, தடி நழுவிப் பறந்தது, இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு உருண்டோம். "சேசு மரி சூசையே!" என்று ஒரு அலறல். நான்தான் அலறினேன் என்று நினைத்தேன், என் வாயில் பனி இருந்தது. திருச்சபையை விட்டு விலகியவர் அலறினார், அண்ணா. அதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லிக் காட்டவில்லை. லிஃப்ட்காரன் லிஃப்டை நிறுத்திவிட்டு மேலிருந்து கத்தினான்: "ஏய், அங்க ரெண்டு பேரும்! நடுப்பாதை என்ன உங்க வீட்டு மெத்தையா? உருண்டு ஓரமாப் போங்க!" உருண்டு போனோம்.

அன்று சாயங்காலம் விடுதி மேசையில், கொர்டூலா முன்னாலேயே நல்ல செய்தியை எடுத்தேன். ஹோஃப்ராட் கரண்டியைக் கீழே வைத்தார், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் அம்மணி. மேல சொன்னது மேலயே நிக்கும். கீழ நான் எந்த உறுதியும் தரல. கோயில விட்டுப் போறேன்னு ஊரறியச் சொன்னவன் நான். இப்ப முன் வரிசையில போய் உக்காந்தா, என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

மறுநாள் மேலே போனதும் கேட்டேன். "அதான் சொல்லிட்டேனே, நடக்கட்டும்" என்றார். இறங்கினோம். "இல்லை அம்மணி" என்றார். அடுத்த நாளும் அப்படியே. மலை மேல் சம்மதம், அடிவாரத்தில் மறுப்பு. பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் மனதாரத்தான் சொல்கிறார். நேற்று ரோப் காரில் இறங்கும்போது கெப்ஹார்டுக்குப் பொறுக்கவில்லை. "எக்பெர்ட், நீ ஒரு வடிகட்டின கோழை!" என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் வண்டி கம்பத்தைத் தாண்டிவிட்டது. இவருக்கு முகம் வெளுத்து, "...என்று தாங்கள் தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாது, ஹோஃப்ராட் அவர்களே" என்று முடித்தார். பிள்ளைகள் இரண்டும் குல்லாயைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டன. சிரித்தார்களா அழுதார்களா தெரியவில்லை. கொர்டூலா மட்டும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றாள்.

யோசித்துப் பார்த்தேன் அண்ணா. அந்த மனிதரைக் கீழே மாற்ற முடியாது. ஆகையால் கல்யாணத்தை மேலே கொண்டுபோவது என்று தீர்மானித்திருக்கிறேன். நங்கூர லிஃப்ட் போய் நிற்கும் இடத்தில் மேய்ப்பர்கள் கட்டிய சின்னக் கற்கோயில் ஒன்று உண்டு, பீடமும் உண்டு, மணியும் உண்டு. ஆயர் இல்லத்தில் அனுமதி நீங்கள் வாங்கிவிடுவீர்கள். ஈஸ்டர் கழிந்த வாரம் பனி இருக்கும், கூட்டம் இருக்காது, சீட்டும் மலிவு. உங்களுக்கு உயரம் என்றால் மயக்கம் வரும் என்பது தெரியும். ரோப் காரில் கண்ணை மூடிக்கொள்ளலாம். அங்கிருந்து அந்தக் கோயிலுக்குப் பனிக்காலத்தில் நடைபாதை கிடையாது. ஃபினியிடம் விசாரித்தேன். "பாதிரியாரா? வரச்சொல்லு, ஒரே நாள்ல ஏத்திக் காட்டறேன்" என்கிறாள். அவள் உங்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், பின்னாலிருந்து தள்ளவும் செய்வாள், பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கிக்கு மேல் திண்டு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முழங்காலை நம்பித்தான் இந்தக் கல்யாணம் நிற்கிறது. மறுக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும், கோயில் பாடகர் குழுவுக்கும், உங்கள் சமையற்காரி வால்பூர்காவுக்கும் என் வந்தனம். உங்கள் பூசையில் எங்கள் ஐந்து பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹோஃப்ராட்டை இரண்டு தடவை. உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்டு முழந்தாளிடுகிறேன் என்று வழக்கம்போல எழுத ஆசை. இன்று முழந்தாளிட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஜெபத்தில் இடம் கேட்கும் தங்கை,
நோட்பூர்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இப்போதுதான் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. வெள்ளி என்பதால் உருளைக்கிழங்குச் சூப்பு. ஹோஃப்ராட் வழக்கம்போல மேசையின் தலைமாட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கெப்ஹார்ட் பகலெல்லாம் விழுந்து எழுந்த களைப்பில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எக்பெர்ட், அந்த உப்ப இந்தப் பக்கம் தள்ளு" என்றார். பள்ளத்தாக்கில், அண்ணா! எல்லார் கரண்டியும் அந்தரத்தில் நின்றது. இவருக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை, கையை நீட்டிக்கொண்டே இருந்தார். ஹோஃப்ராட் உப்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தள்ளினார்.

தன் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு அவரே கேட்டார்:

"கெப்ஹார்ட், உன் மச்சான் பிரசங்கம் எவ்வளவு நேரம் பண்ணுவாரு?"

"எங்க கல்யாணத்துல இவ கையில இருந்த பூவே வாடிப்போச்சு."

"கோயில் உள்ள குளிருமா?"

"ஐஸ்பெட்டி."

"அப்ப சுருக்கச் சொல்லு. முன் வரிசையில உக்காந்து நான் விறைச்சுச் சாக முடியாது. நோட்பூர்கா, நீ எழுதிடு."

கொர்டூலா எழுந்து போய் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவர் துடைக்கவில்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மலையும் வேண்டாம், பலகையும் வேண்டாம், ஆயர் இல்லத்துக்குப் போகவும் வேண்டாம். உங்கள் முழங்கால் வீட்டிலேயே இருக்கட்டும், கல்யாணம் நம் கோயிலில்தான். பிரசங்கத்தை நீங்கள் போன வருஷமே எழுதி முடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில் பாதியைக் கிழித்துவிடுங்கள். எந்தப் பாதி என்றாலும் பரவாயில்லை.