வலிக்காத கைக்கு ஒரு மவுஸ்

“வலி மணிக்கட்டுலயாங்கண்ணா, முழங்கையிலயா?” என்று அனுப்பிரியா கேட்டபோது யாசினுக்கு எந்த இடத்தைச் சொல்வதென்று தெரியவில்லை. கை வலி என்று சொல்வது வரைக்கும்தான் அவன் ஒத்திகை பார்த்து வந்திருந்தான்.

“ரெண்டுக்கும் நடுவுலங்க மேடம்,” என்றான்.

“அடப் பாவமே. வலது கைதானுங்களே?”

“ஆமாங்க. மவுஸ் பிடிக்கற கை.”

பேச்சை மவுஸ் பக்கம் திருப்பிவிட்ட சாமர்த்தியத்தை அவனே மெச்சிக்கொண்டான்.

முதலிபாளையத்தில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் யாசின் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரனுக்கும் துணி தைக்கிற உள்ளூர்க்காரனுக்கும் நடுவில் உட்கார்ந்து மெயில் அனுப்பியே தேய்கிற உத்தியோகம். அனுப்பிரியா முதலாளியின் மருமகள். மாமனார் தோட்டமே போதும் என்று ஒதுங்கிக்கொண்ட பிறகு கம்பெனியை அவள்தான் நடத்துகிறாள். யாசினைவிட இளையவள். வாட்ச்மேனைக்கூட ‘ஏனுங்கண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

யாசினைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வாள். “யாசின் அண்ணன் சொல்லிட்டா அதுக்கு மேல செக் பண்ண வேண்டியதில்லீங்க.” அந்தக் கம்பெனியில் அவன் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்து அந்த வாக்கியம்தான். இப்போது அதில்தான் கை வைத்திருந்தான்.

விஷயம் இவ்வளவுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் யாசின் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவான். மங்கலத்திலிருந்து மச்சான் ஜாஹித்தும் அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்துகொள்வார்கள். நாற்பதை எட்டப்போகிற யாசின்தான் தினமும் முதலில் சாவான். அதற்குக் காரணம் வயதல்ல, மவுஸ் என்று அவன் முடிவுக்கு வந்திருந்தான்.

அப்புறம் தேடல் தொடங்கியது. விரும்பின இடத்தில் விரும்பின பட்டன் வைத்துக்கொள்ளும் மவுஸ், பக்கத் தகட்டைக் கழற்றி மாற்றுகிற மவுஸ், கலர் கலராக எரிகிற மவுஸ். ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு வாக்கியத்தையே அடித்து அனுப்பிவிடுமாம். பகலில் ஆபீசுக்கு ஒரு செட்டிங், மாலையில் விளையாட்டுக்கு ஒரு செட்டிங். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட யாசின் இத்தனை பேரிடம் விசாரிக்கவில்லை. கடைசியில் அறுபதே கிராம் எடையுள்ள, உடம்பெல்லாம் தேன்கூடு மாதிரி துளை போட்ட ஒரு மவுஸில் மனசு நின்றுவிட்டது.

வீட்டில் கேட்க முடியாது. மிக்ஸி ஜாருக்கு பிளேடு போய் மாதக்கணக்காகிறது என்று ஷாஹிதா தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது கம்பெனிதான். ஆபீஸ் வேலைக்கும் ஆகும் என்பதால் இது முழுப் பொய் ஆகாது என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லி வைத்தான்.

“வலிக்கற கையை வெச்சுட்டு எப்படீங்கண்ணா இத்தனை மெயில் போட்டீங்க?” என்று அனுப்பிரியா உருகினாள். “எந்த மவுஸுன்னு காட்டுங்க. இன்னிக்கே சொல்லிவிட்டுர்றேன்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று யாசின் எதிர்பார்க்கவில்லை. முடியவும் இல்லை.

அந்தக் கம்பெனிக்குள் எது வந்தாலும் செக்கிங் செக்‌ஷனைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே சூப்பர்வைசர் பூவாத்தாள். துணியில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுகிற அம்மாள். பார்சல் வந்த சேதி கேட்டு யாசின் ஓடினபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“உங்க பீஸ் ரிஜெக்ட்டுங்க,” என்றார். “கொரியர்க்காரர் நிக்கறப்பவே திருப்பிக் குடுத்துட்டேன்.”

“ஏனுங்க?”

“பூரா ஓட்டைங்க. ஸ்டிக்கர் ஒட்டி மாளல. எடை வேற அறுவதுன்னு போட்டிருந்துச்சு. அறுவது ஜிஎஸ்எம்முல என்னங்க வரும், கொசுவலைதான் வரும்.”

ஜிஎஸ்எம் என்பது துணியின் கனம், மவுஸுக்கு அந்தக் கணக்குக் கிடையாது என்று விளக்கிக்கொண்டிருக்க யாசினுக்குப் பொறுமை இல்லை. நேரே அனுப்பிரியாவிடம் போனான்.

“அந்த ஓட்டையெல்லாம் வேணும்னே வெக்கறதுங்க மேடம். வலிக்கற கைக்குக் காத்துப் படோணுமாம்.”

“அப்படீங்களா? எந்த டாக்டர் சொன்னாருங்க?”

யாசின் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தான். அதில் எந்த டாக்டர் பெயரும் எழுதியிருக்கவில்லை.

“டாக்டர்கிட்ட இன்னும் போகலீங்க.”

“போகாம இருக்கலாமுங்களா? பெருமாநல்லூர்ல சுப்பையன்னு எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச எலும்பு வைத்தியர் இருக்காருங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். நம்ம வேன்லயே போய்ட்டு வாங்க.”

சும்மா தடவிவிட்டு எண்ணெய் கொடுப்பார்கள் என்று நம்பித்தான் வேனில் ஏறினான். சுப்பையன் அவன் கையை வாங்கி, விரல் விரலாக அமுக்கி, மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார். வலிக்க வேண்டுமே என்ற கவலையில் யாசின் அங்கங்கே “ஸ்ஸ்” என்றான். அப்புறம் அவர் முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இறுக்கிக் கட்டினார்.

“இவ்வளவு பெருசா எதுக்குங்க?”

“மேடம் சொல்லியிருக்காங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“பாக்கலாங்க,” என்றார் சுப்பையன்.

அந்தக் கட்டோடு வீட்டுப் படியேறின யாசினைப் பார்த்து ஷாஹிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தாங்க காரணம். மிக்ஸி மிக்ஸின்னு உசிரை எடுத்தேன். அதுக்குத்தானே ராவு பகலா வேலை பாத்துக் கையைக் கெடுத்துக்கிட்டீங்க?”

“அப்படியெல்லாம் இல்ல ஷாஹி.”

“பேசாதீங்க. நான் அம்மியில அரைச்சுக்கறேன்.”

இடது கையால் சாப்பிடக் கூடாதென்று அவளே சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அம்மியில் அரைத்த சட்டினி மிக்ஸியில் அரைத்ததைவிட ருசியாகத்தான் இருந்தது. யாசினுக்குத்தான் வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் அதில் அடுத்த கவளத்தை வைத்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனியில் அவனுக்கு மவுசு கூடிவிட்டது. பூவாத்தாள் அவன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தார். டெய்லர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பீகார்ப் பையன்கள்கூட “பாய், ஹாத் கைசா?” என்று கையை விசாரித்தார்கள். வாரக் கூட்டத்தில் அனுப்பிரியா அவனை எழுப்பி நிறுத்தினாள்.

“வலியைச் சொல்லாம வேலை பாத்த மனுசனுங்க இவரு. எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். பதிலுக்குக் கும்பிடக்கூட முடியாமல் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான் யாசின். தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

“இன்னொண்ணுங்கண்ணா,” என்று அவள் ஒரு டப்பாவை நீட்டினாள். “நீங்க கேட்டது ஓட்டைன்னு திரும்பிப் போச்சு. நானே பாத்து வேற வாங்கிட்டேன். பூவாத்தாக்காவும் பாஸ் பண்ணிட்டாங்க.”

பிரித்தான். மாற்றுகிற தகடு, எரிகிற விளக்கு, வரிசையாகப் பட்டன்கள். கனவில் கண்ட மவுஸ்தான், கொஞ்சம் கனம். ஆனால் வளைவெல்லாம் எதிர்ப்பக்கமாக இருந்தது.

“இடது கைக்குன்னே செஞ்சதுங்கண்ணா. வலது கைதான் கட்டுல இருக்குதே.”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

இடது கையால் மவுஸ் பிடிப்பது எதிர்ப்பக்கமாகச் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி இருந்தது. மெயில் அடிக்கிற சிரமத்தைக் குறைக்கப் பெருவிரல் பட்டனில் ஒரு வாக்கியத்தை ஏற்றி வைத்தான். அமுக்கினால் ‘பாத்துட்டுச் சொல்றேனுங்க’ என்று தானாகப் பதில் போய்விடும். மெர்ச்சண்டைசர் வேலையில் பாதி அந்த வாக்கியம்தான்.

வீட்டில் அதே பட்டனுக்கு இன்னொரு செட்டிங். விளையாட்டில் எதிரிகள் சூழ்ந்தால் கூட்டாளிகளை ஏவிவிட, ‘ஒண்ணு விடாம போட்டுத் தள்ளுங்க’. கொலை செய்யச் சொல்லும்போதும் ‘ங்க’ போடுகிற ஊர் அது. ஒரு செட்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற மவுஸின் அடிவயிற்றில் சின்ன பட்டன் இருந்தது. முதல் நாள் அதை மாற்ற மறந்து உட்கார்ந்தான்.

ஆட்டத்தில் ஜாஹித் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டு, “மச்சான், காப்பாத்து,” என்று கதறினான். யாசின் பட்டனை அமுக்கினான். ‘பாத்துட்டுச் சொல்றேனுங்க’ என்று பதில் போனது. ஜாஹித் செத்துப்போனான். அப்புறம் போனில் கூப்பிட்டு, இங்கே எழுத முடியாத விதமாக நாலு வார்த்தை கேட்டான். ரோஷத்தில் யாசின் உடனே செட்டிங்கை மாற்றினான். மாற்றினதோடு மவுஸைப் பையில் வைத்து மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போனான்.

கம்பெனியின் சாயப்பட்டறையில் கணக்குப் பார்ப்பவர் அருள்செல்வன். புதுசாகக் கல்யாணமானவர், பயந்த சுபாவம். காலையில் அவரிடமிருந்து மெயில் வந்திருந்தது. ‘வந்திருக்கிற துணியில் நேவி ப்ளூ சாயத்துக்கு எவ்வளவு போடறதுங்க, வெள்ளைக்கு எவ்வளவு விடறதுங்க?’

யாசின் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனான். ‘ஒண்ணு விடாம போட்டுத் தள்ளுங்க’ என்று பதில் போனது.

அருள்செல்வனுக்கு அதைவிடத் தெளிவான உத்தரவு அதுவரை வந்ததில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய துணியும் சேர்ந்து சாயத் தொட்டியில் இறங்கிவிட்டது.

சாயங்காலம் அனுப்பிரியாவின் அறைக்கு யாசினைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு துண்டு நேவி ப்ளூ. எதிரே அருள்செல்வன் தலைகுனிந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“நீங்க உக்காருங்கண்ணா, கை வலிக்கும்,” என்றாள் அனுப்பிரியா. அப்புறம் அருள்செல்வன் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, முடியாத மனுசன் இடது கையில தடவித் தடவி அனுப்பின மெயிலுங்க. ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டீங்களா? யாசின் அண்ணன் மேல தப்பே இல்லீங்க. நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“அண்ணன் சொல்லிட்டா செக் பண்ண வேண்டாம்னு நீங்கதானுங்க மேடம்...” என்று அருள்செல்வன் முனகினார்.

யாசின் தன் கைக்கட்டைப் பார்த்தான். ஒரு சமாதானம் நாக்கு நுனிவரை வந்தது. இடது கை வழுக்கிவிட்டது, மவுஸில் கோளாறு, கரண்ட் போய் வந்தது. அத்தனையும் எடுபடும். அவன் சொன்னால்தான் யாரும் செக் பண்ண மாட்டார்களே. அது நினைவுக்கு வந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் போயிற்று.

“மேடம், அவரை அனுப்பாதீங்க. எனக்குக் கை வலி இல்லீங்க.”

“இப்பக் கொறஞ்சிருச்சுங்களா?”

“எப்பவுமே இல்லீங்க. விளையாடறதுக்கு நல்ல மவுஸ் வேணும்னு பொய் சொன்னனுங்க. அந்த மெயிலும் விளையாட்டுக்கு வெச்ச வார்த்தைங்க. நான்தான் மாத்தாம விட்டுட்டேன்.”

சொல்லி முடித்தபோது காது இரண்டும் எரிந்தன. திட்டு விழும், வேலை போகும், கை தட்டினவர்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தான்.

அனுப்பிரியா துணித் துண்டை மடித்து ஓரமாக வைத்தாள்.

“அடுத்த ஆர்டர் முழுக்க நேவிதானுங்க. துணி அதுக்கு ஆயிரும். அருள், நீங்க போய் வேலையைப் பாருங்க,” என்றாள். யாசினைப் பார்த்து, “வேன் நிக்குதுங்கண்ணா. போய்க் கட்டை அவுத்துட்டு வாங்க,” என்றாள். அவ்வளவுதான்.

வேனில் போகும்போது யாசின் அழுதேவிட்டான். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஏமாற்றினவனை இப்படி நம்பி, மவுஸ் வாங்கிக் கொடுத்து, கை தட்ட வைத்து, கடைசியில் மன்னிக்கவும் செய்தால் மனுஷன் என்ன செய்வான்? சூதுவாது தெரியாத வெள்ளை மனசு, அதைப் போய் ஏய்த்தோமே என்று நொந்துகொண்டான். மவுஸை நாளைக்கே ஒப்படைத்துவிட வேண்டும், ஷாஹிதாவிடமும் சொல்லிவிட வேண்டும் என்று பெருமாநல்லூர் வருவதற்குள் தீர்மானித்தான்.

சுப்பையன் கத்தரியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். துணியை வெட்டி, பத்தைகளைப் பிரித்து, மாவைச் சுரண்டினார். உள்ளேயிருந்து வெளுத்துச் சுருங்கின கை வெளியே வந்தது.

“இன்னிக்கு வருவேன்னு எப்படீங்க தெரியும்?” என்று கேட்டான் யாசின்.

“இப்பத்தான் போன் வந்துச்சுங்க,” என்றார் சுப்பையன், கத்தரியைத் துடைத்துக்கொண்டே. “அன்னிக்கு மேடம் போன் பண்ணினப்பவே கேட்டனுங்க, சும்மா இருக்கற கைக்கு எத்தனை நாளைக்குக் கட்டுறதுன்னு. ‘அவர் வாயில உண்மை வர்ற வரைக்கும்’னாங்க.”