கிரேஸ் சொன்ன சொதிப் பக்குவம்

அம்பலவாணன் யாரிடமும் யோசனை கேட்கிற ரகம் இல்லை. கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஒரு தடவை திருச்செந்தூருக்குப் புறப்பட்டவர், பஸ் எங்கே போகிறதென்று பக்கத்து ஆளிடம் கேட்கக் கூச்சப்பட்டு அம்பாசமுத்திரத்தில் போய் இறங்கினார். "இங்கனயும் ஒரு சோலி இருந்துது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு சொதி ஆட்டிவைத்தது. தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்புமாகக் கொதிக்கிற அந்தச் சொதியை அன்று மனைவி இன்பமணி வைத்திருந்தாள். மூன்று தடவை வாங்கி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சி ஒரு பொட்டு தூக்கல்" என்றார்.

இன்பமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருவத்திரெண்டு வருசமா குறை சொல்லுதீய. ஒரு நா வச்சுத்தான் காட்டுங்களேன்."

"என்ன பெரிய வித்தை? காய், பருப்பு, பால். கூட்டினா விடை வந்துட்டுப் போகுது."

"சரி. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம எந்தம்பி முகுந்தன் சாப்பிட வாரான். சொதி ஒங்க கை. நல்லா வந்தா ஆயுசுக்கும் குறை சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். திரிஞ்சுதோ, இலையில என்ன விழுந்தாலும் வாயத் தொறக்கப்பிடாது."

"சம்மதம்!"

"அப்படியே பொங்கல்லேருந்து சொல்லுதேன். பரண்ல ஒட்டட, பின்வாசல் சாக்கட அடைப்பு, கக்கூஸுக்கு வெள்ளையடி..."

"அதெல்லாம் பொறவு பாப்போம்."

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இரண்டு தடவை ஒத்திகை நடந்தது. இரண்டு தடவையும் பால் திரிந்தது. கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். அடைத்துக்கிடந்த சாக்கடை அதை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகள் மிதந்தபடி அவரையே பார்த்தன.

அம்பலவாணனுக்கு உள்ளபடியே பயம் வந்துவிட்டது. குறை சொல்லாமல் ஆயுசு முழுக்கச் சாப்பிடுவதாவது! ஊரில் யாரிடமாவது கேட்கலாமென்றால், திருநெல்வேலி டவுணில் ஒரு தெருவில் கேட்ட கேள்வி, அவர் வீடு வருமுன்னே வீட்டுக்கு வந்துவிடும்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ரதவீதி முக்கில் சாலமோன் என்பவர் புதிதாகப் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிச் சமையல் பேசுகிற ஓர் இடம் இன்டர்நெட்டில் இருக்கிறதென்று அவர்தான் காட்டினார். அம்பலவாணன் மூன்று நாள் அதன்முன் உட்கார்ந்தார். "வணக்கம்" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். அழிப்பார். "என் நண்பர் ஒருவருக்கு" என்று அடிப்பார். அதையும் அழிப்பார்.

"ஊரு பேரு தெரியாத ஆளுக சார். என்ன வெக்கம்?" என்றார் சாலமோன்.

"தெரிஞ்சவன் சிரிச்சாம்னா பதிலுக்கு நானும் சிரிச்சுக்கிடுவேன் வே, அவன் வீட்டுக் கத எனக்குத் தெரியும். தெரியாதவன் சிரிச்சா என்ன செய்ய?"

நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார். 'சொதி திரிகிறது. உதவுக. இப்படிக்கு, ஓர் அன்பர்.'

மறுநாளே பதில் வந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து கிரேஸ் என்று ஒருத்தி. 'சொதியா? நீங்க எந்த ஊரு?'

'திருநெல்வேலி பக்கம்.'

'பக்கம்னா?'

'டவுண்.'

'எனக்கும் அந்தப் பக்கந்தான். எந்தத் தெரு?'

ஊர்க்காரி தெருவைக் கேட்டபின் சொல்லாமல் இருக்க நெல்லைக்காரனால் ஆகுமா? தெருவைச் சொன்னார். கேட்டபோது உத்தியோகத்தைச் சொன்னார். சம்சாரத்துக்கு வீரவநல்லூர் என்றார். பேரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அந்தமட்டில் கெட்டிக்காரர்.

ஒரு நாள் பதிலே இல்லை. பிறகு வந்தது.

'மொதல்ல வீட்டப் பக்குவப்படுத்தணும். பரண்லேருந்து ஒரு துளி தூசி விழுந்தாலும் தலைப்பால் திரிஞ்சிரும். ஒட்டட அடிங்க.'

விஞ்ஞானம்! அம்பலவாணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினார்.

"என்ன இது, திடீர்னு?" என்றாள் இன்பமணி.

"சும்மா. பைய ஏணியப் பிடி."

அடுத்த கடிதம், புளித்த வாடை பட்டால் பால் தாங்காது என்றது. ஒரு பகல் முழுக்கக் குச்சியும் வாளியுமாகப் பின்வாசலில் கிடந்து சாக்கடையைக் குத்தினார். அதற்கப்புறம்தான் பக்குவமே வந்தது. 'மூணாம் பால்ல காய வேக விடுங்க. ரெண்டாம் பால்ல கொதிக்கட்டும். தலைப்பால ஊத்தினதும் எறக்கிருங்க. எலுமிச்ச ஆறின பொறவு.'

ஞாயிற்றுக்கிழமை சொதி திரியவில்லை. மச்சினன் முகுந்தன் நாலு தடவை ஊற்றச் சொன்னான். "அத்தான், அக்கா கையெல்லாம் இதுக்குக் கிட்ட வரப்பிடாது!" என்றான்.

"ஜெயிச்சிட்டீய. இனி தாராளமா குறை சொல்லுங்க" என்றாள் இன்பமணி. அம்பலவாணனுக்குப் பூமியில் கால் பாவவில்லை.

மறுநாள் மத்தியானம் இலைமுன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார். ஆயுசுக்கும் கிடைத்த உரிமையாயிற்றே என்று நிதானமாகத் தொண்டையைச் செருமினார்.

"புளி ஒரு பொட்டு தூக்கல்."

"அப்படியா?" என்றாள் இன்பமணி, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றியபடி. "வீரவநல்லூர்ல எங்கூட எட்டாப்புல ஒரே பெஞ்சுல இருந்தவதான் கிரேஸ். அவளுக்கே எழுதிக் கேளுங்க, கக்கூஸுக்கு இன்னும் வெள்ளையடிக்கலன்னு இன்னைக்குக் காலைலதான் போன்ல சொன்னேன்."