உம்முடைய மாமி உள்வாடகைக்காரி ஆன கதை

வுப்பர்டால்,
செவ்வாய்க்கிழமை

பிராங்பேர்ட்டில் கணினியோடு குடித்தனம் நடத்தும் அன்பு மருமகன் சயந்தன் அறிவது,

நாங்கள் சுகம். நீரும் சுகமாக இருக்க வேண்டும். நீர் செய்துவைத்த வேலையை நீரேதான் திருத்த வேண்டும்.

எங்கள் கட்டட நிர்வாகக் கம்பனியின் மென்பொருளுக்குள் இருந்து வாடகைக்காரரின் விபரங்களை இன்னொரு மென்பொருள் தானாக இழுத்தெடுக்க ஓர் இணைப்பு எழுதிக் கொடுத்ததாகப் போன டிசம்பரில் நத்தாருக்கு வந்து பெருமையடித்தீர். நானும் விளங்கியதுபோலத் தலையாட்டினேன். அந்த இணைப்பு இழுத்த இழுவையில் முதலில் விழுந்தது என் குடும்பம். இருபத்துநாலு வருடமாகச் சோலியில்லாமல் இருந்த வீட்டுக்கு நேற்று ஒரு கடிதம்: "மதிப்புக்குரிய இராசலிங்கம் குடும்பத்தினரே, வேறு குடும்பப் பெயருடைய ஒருவர் உங்களிடம் அனுமதியின்றி உள்வாடகைக்கு இருக்கிறார். பதினாலு நாளில் வெளியேற்றவும். தவறினால் வீட்டைத் திரும்ப எடுப்போம்." ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதா? ஜெர்மன்காரருக்கு விளங்காதது சரி, தமிழ்ப்பிள்ளை எழுதிய இணைப்புக்குமா விளங்கவில்லை?

ஆளின் பெயர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். இரண்டாம் பக்கம் எப்போதும் தரவுப் பாதுகாப்பு பற்றியது, நான் வாசிப்பதில்லை. இராசலிங்கம் நான். கலியாணம் முடித்து வந்து சேர்ந்தவள் உமது மாமி றீற்றா. இதற்கு இரண்டாம் பக்கம் எதற்கு? நேற்றிலிருந்து அவளை வாடகைக்காரி என்றே கூப்பிடுகிறேன். சமைக்கக் குசினிக்குள் வருவதென்றால் எழுத்தில் அனுமதி கேட்கச் சொன்னேன். "ஓம் ஓம், பாப்பம்" என்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

பகிடி ஒரு பக்கம், உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். இந்த வயதில் வேறு வீடு தேடி அலைய என்னால் முடியாது. கம்பனிக்குப் போன் எடுத்தேன். சாண்ட்ரா என்றொரு பிள்ளை கதைத்தது. முப்பது வருடம் ஒன்றாக வாழ்கிறோம் என்றேன். கலியாணத்துக்குத் தங்கள் மென்பொருளில் கட்டம் இல்லையாம்.

ஆகவே மாமியைக் குடும்பத்துக்குள் சேர்த்துவிடும். அவளுக்கு நான் பொறுப்பு நிற்கிறேன். உமக்குச் சம்பள உயர்வும் அதற்கேற்ற புத்தியும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,

குடும்பத் தலைவர்
த. இராசலிங்கம்

பி.கு.: இரண்டாம் பக்கத்தை மகள் மிதுசா வாசித்தாள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவள் றீற்றா. அந்த நேரம் எனக்கு வேலை இல்லை. பாஸ்போர்ட்டில் மனுசி, பிள்ளை எல்லோருக்கும் என் பெயர்தான் குடும்பப் பெயர், இராசலிங்கம். நான் மட்டும் என் அப்பாவின் பெயரில் தம்பித்துரை. வெளியேற்ற வேண்டிய ஆள் தம்பித்துரை. ஆட்சேபணைக் கடிதத்தில் றீற்றாதான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். "பதினாலு நாள் கிடக்குத்தானே. முதல்ல குசினிக்குள்ள வாறதுக்கு எழுத்தில கேளுங்கோ" என்கிறாள். அந்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவதென்று உடன் அறியத்தரவும். இன்னும் சாப்பிடவில்லை.