நூறு குறையாத நிலையம்

எண்ணெய்க் கப்பலை எதிர்பார்த்துக் கடலையே பார்த்திருந்ததில் கழுத்து சுளுக்கிப்போன நம் நாட்டைத் தலைநிமிர வைத்தது எது என்று வருங்காலம் கேட்டால், தயங்காமல் எங்கள் மின்கலச் சேமிப்பு நிலையத்தைக் காட்டுங்கள். பகல் வெயிலை மின்சாரமாக்கி, வீடு மாதிரிப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறோம். வாசலில் விளக்கெழுத்துப் பலகை: ‘இருப்பு 100’. வளர்ந்த பிறகே எழுத்துக் கூட்டப் பழகிய நான் தடுமாறாமல் படித்த முதல் பலகை அதுதான். மாறினால் அல்லவா தடுமாற!

மாறாததற்குக் காரணம் எங்கள் அதிகாரி. திறப்பு விழாவில் அமைச்சர் பலகையைப் பார்த்து, “இது குறையவே கூடாது” என்று வாழ்த்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு பொட்டு மின்சாரத்தை இவர் வெளியே விட்டதில்லை. ‘நூறு சார்’ என்பது நாங்கள் கொடுத்த பட்டம். அந்தப் பலகையும் அவர் அறை ஏசியும்கூட டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடும். பெட்டியிலிருந்து எடுத்தால் குறைந்துவிடுமே! டீசல் பீப்பாய் உருட்டுவது என் தேசப்பணி.

போன வாரம் கப்பல் வரவில்லை. ஊர் இருண்டது. எங்கள் டீசலும் தீர்ந்து பலகை அணைந்தது.

“பலகை அணைஞ்சா பேட்டரி காலின்னு நெனைப்பாங்கய்யா! நாளைக்கு அமைச்சர் வேற இந்த வழியா போறாரு!” என்று நூறு சார் பதறினார்.

“பெட்டியிலதான் கொட்டிக் கெடக்கே சார். ஒரு ஒயரு இழுத்தா...”

“இழுத்தா தொண்ணூத்தொம்பது ஆயிடும்! நீ கையெழுத்துப் போடுறியா?”

இப்போதுதான் கையெழுத்துப் போடக் கற்றிருக்கிறேன். அதற்குள் மாட்டிக்கொள்ள மனமில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் என் அக்கா வீடு. மாமாவின் லாரி டீசலில்லாமல் நின்றுவிட்டது. அதன் பேட்டரியைக் கழற்றித்தான், மூச்சிரைப்புக்காரியான அக்கா மகளுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு சார் அதை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். உடனே பேட்டரியை ‘தேச நலன் கருதி, தற்காலிகமாக’ கையகப்படுத்தினார். தூக்கி வந்த தோள் என்னுடையது.

அக்கா வாசல்வரை துரத்தி வந்தாள். “ஏன்டா, உங்க பெட்டி நெறைஞ்சு கெடக்குன்னுதானே பலகை சொல்லுது? அப்புறம் எதுக்குடா எங்க பேட்டரி?”

“நெறைஞ்சு கெடக்குன்னு சொல்றதுக்குத்தான்க்கா.”

அந்த பேட்டரியில் பலகை மறுபடி எரிந்தது. ‘இருப்பு 100’. ஊரிலேயே அந்த ஒரு வெளிச்சம்தான். கொஞ்ச நேரத்தில் அதே வெளிச்சத்தில், இரைக்கும் குழந்தையை இடுப்பிலும் மிஷினைக் கையிலும் வைத்துக்கொண்டு அக்கா மறுபடி வந்து நின்றாள்.

“அம்மா, இது சேமிப்பு நிலையம். கரண்ட் குடுக்கிற எடம் இல்ல. மனு எழுதிக் குடுங்க” என்றார் நூறு சார்.

“எழுதி முடிக்கிறதுக்குள்ள இவ மூச்சு நின்னுடும் சார்!”

“அப்ப மேல ‘அவசரம்’னு எழுதுங்க.”

அக்கா எழுதவில்லை. “பிடிடா இவள” என்று குழந்தையை என் கையில் திணித்தாள். பலகைக்குப் போன கம்பியைப் பிடுங்கி மிஷினில் மாட்டினாள். பலகை அணைந்தது. என் மார்மேல் விசில் அடித்துக்கொண்டிருந்த சின்ன நெஞ்சு மெல்ல அடங்கியது.

“போச்சு! நூறும் போச்சு!” என்று நூறு சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அணைந்த பலகையை அமைச்சர் பார்த்துவிட, அடுத்த நாளே விசாரணைக் குழு வந்தது. பெட்டிகளைத் திறந்து பார்த்தால் குறையக்கூடும் என்பதால் அறிவுடையோர் யாரும் திறக்கவில்லை. நாட்டின் மொத்தச் சேமிப்பையும் ஒரு குழந்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டதாக ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள்.

“ஆதாரம் இருக்காய்யா?” என்று கேட்டார் மாமா.

இருந்தது. அறிக்கையின் கடைசி வரியை நானே எழுத்துக் கூட்டி அவருக்குப் படித்துக் காட்டினேன்: ‘குழந்தை இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.’